எது இல்லை என்று சொல்லுங்கள்

போன மாதம் எங்கள் பழைய பறவைக் களநிலையத்திலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி, ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுவாள். அன்றைக்கும் குரலில் அழுகை வராத குறை.

"மேடம், மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்திய ரெண்டா பிரிச்சிட்டாங்க மேடம். இத்தனை வருஷம் நீங்கள்லாம் எண்ணி வச்சத இப்ப எதுல கொண்டுபோய் சேக்கறது?"

நான் சிரித்துவிட்டேன். மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்தி என்பது வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் கரைக்கு வரும் சிறு பறவை. ஈர மணலில் குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். காரைக்கால் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பார்த்தோம் என்று தெரியாமலே. அதை வாழ்நாள் முழுக்க ஒரே இனம் என்றுதான் எண்ணி வந்தோம். இப்போது மரபணுவைச் சோதித்தவர்கள், இல்லை, இது இரண்டு, சைபீரியப் பக்கத்தது வேறு, திபெத் பக்கத்தது வேறு என்கிறார்கள். நம் கரைக்கு வருவது பெரும்பாலும் திபெத் பக்கத்து ஆளாம்.

"பறவைக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரலை. அது பாட்டுக்கு நண்டு பிடிச்சிக்கிட்டு இருக்கும். நீ மொதல்ல போய் ஒரு டீ குடி," என்றேன். அவளும் சிரித்தாள். பிறகுதான் உள்ளதைச் சொன்னாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர், போனைத் தூக்கிக் காட்டினால் அதுவே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறதே, நாம் எதற்கு என்று கேட்கிறார்களாம். நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். போய்ப் பேசினேன். பேசியதை எழுதியும் கொடுங்கள் என்றார்கள். இதோ எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் போன் சமாசாரத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் போனிலும் அது இருக்கிறது. காலையில் மாடியில் உட்கார்ந்து காபி குடித்தபடி அதனோடு போட்டி போடுவேன். பாதி நாள் அது ஜெயிக்கும், பாதி நாள் நான். அதற்குக் காபி கிடையாது என்பதால் மொத்தத்தில் எனக்குத்தான் லாபம்.

நான் காரைக்கால் டவுனில் பிறந்தவள். பெயர் பெர்னதெத். விலங்கியல் படித்துவிட்டு, வங்கித் தேர்வு எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பறவை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இந்தக் கடற்கரையில் சின்னதாக ஒரு நிலையம் திறந்து ஆள் எடுத்தது. பறவைகளை வலையில் பிடிக்க வேண்டும், அளக்க வேண்டும், காலில் வளையம் போட்டுப் பறக்கவிட வேண்டும். மற்ற நாட்களில் கரையோரமாக நடந்து எண்ண வேண்டும். இதுதான் வேலை. எங்கள் அம்மாவால் நம்பவே முடியவில்லை. "குருவி பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? திருப்பிக் கேக்க மாட்டாங்களே?" என்று முதல் மாதச் சம்பளத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கொஞ்ச நாள் தொடாமலே வைத்திருந்தார்.

பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கையில் பறவையை மல்லாத்தி, அதன் கழுத்தை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் விட்டு, இறுக்காமலும் நழுவவிடாமலும் பிடிக்கக் கற்றேன். இறகை அளக்க, அலகை அளக்க, துணிப்பையில் போட்டு எடை பார்க்க, சாமணம் மாதிரி ஒரு கொறடால் வளையத்தைக் காலில் மூடக் கற்றேன். வெயிலில் கருத்தேன். கல்யாணத்துக்குப் பார்த்த மாப்பிள்ளைகளில் இரண்டு பேர் அதனாலேயே போனார்கள். மூன்றாவதாக வந்தவர் நல்லவர், இன்னும் இருக்கிறார்.

அடையாளம் காணக் கற்றது கோதண்டம் சாரிடம். நிலையத்தின் பொறுப்பாளர். ஒல்லியான உயரமான மனிதர். தோளில் பூத்துவாலை, ஒரு கையில் தாங்கியோடு தொலைநோக்கி, இன்னொரு கையில் உட்கார ஒரு மடக்கு முக்காலி. கரைக்குப் போனதும் முதலில் முக்காலியைப் போடுவார். பிறகு பிளாஸ்கில் இருந்து டீ. பிறகுதான் பறவை. எதிரில் ஆயிரம் பறவை நின்றாலும் டீ முடியாமல் கண்ணைக் கொண்டுபோக மாட்டார். உட்கார்ந்துவிட்டால் கடலே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பறவையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், அது எந்தெந்தப் பறவை இல்லை என்று குறைந்தது இரண்டாவது சொல்ல வேண்டும், காரணத்தோடு. நான் உற்சாகமாக, "சார், கொசு உள்ளான்!" என்பேன். அவர் டீயை உறிஞ்சியபடி, "எது இல்லைன்னு சொல்லும்மா," என்பார். பச்சைக்கால் உள்ளான் இல்லை, ஏனென்றால் இதற்குக் கால் கறுப்பு. வளைமூக்கு உள்ளான் இல்லை, ஏனென்றால் இது சின்னது, மூக்கும் நேராக இருக்கிறது. இவ்வளவும் சொன்ன பிறகு, "ம்" என்பார். அந்த 'ம்'மில் மூன்று வகை. குட்டையான 'ம்' என்றால் சரி, எழுதிக்கொள். இழுத்த 'ம்' என்றால் இன்னொரு தடவை பார். துவாலையால் வாயைத் துடைத்துக்கொண்டே வரும் 'ம்' என்றால் வாயை மூடு, இன்றைக்கு உன் மூளை வேலை செய்யவில்லை.

நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பார். வெயில் ஏமாற்றும், ஈரம் ஏமாற்றும், பருவம் மாறினால் இறகே மாறிவிடும். முதலில் அளவு, பிறகு உருவம், பிறகு நடை. எப்படி நிற்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது. அதன் பிறகு மூக்கும் காலும். "நீ வேட்டக்குடி பஸ் ஸ்டாப்புல உங்க சித்திய தூரத்துலேர்ந்தே எப்படிக் கண்டுபிடிக்கறே? பொடவைக் கலர வச்சா? நடைய வச்சுத்தானே?" என்று ஒருமுறை கேட்டார். எங்கள் சித்தி நடந்து வருவதை மாதாகோயில் கோபுரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் என்பதால் அந்தப் பாடம் எனக்கு உடனே ஏறிவிட்டது.

ஏறிவிட்டது என்று சொன்னேனே தவிர, சேர்ந்த புதிதில் அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு நாரையைக் கண்டுபிடித்தேன். அசையாமல் தவமிருந்தது. கழுத்தின் வளைவு, உயரம், நிறம் எல்லாம் சொல்லி, கொக்கு இல்லை, செந்நாரை இல்லை, ஆகவே சாம்பல் நாரை என்று சட்டப்படி முடித்தேன். சார் டீயை முடித்துவிட்டுத் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லா நிக்குது. எப்பப் பறக்கும்?" என்று கேட்டார். அது யாரோ வலை காயப்போட நட்ட கழி. அதன்பின் எந்தக் கழியைப் பார்த்தாலும் நிலையத்தில் அதற்குப் பெர்னதெத் நாரை என்றுதான் பெயர். நிவேதா காலம்வரை அந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து மீனவர் ஊரான பட்டினச்சேரியில் எங்களுக்கு முதலில் நல்ல வரவேற்பு இல்லை. கரையை அளந்து எவனுக்கோ எழுதிக் கொடுக்க வந்தவர்கள் என்று சந்தேகப்பட்டார்கள். மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அஞ்சலையக்காதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சாரிடம் வந்தார். இடுப்பில் கையை வைத்து, அந்தக் குழாயில் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சார் முக்காலியை விட்டு எழாமலே கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார். அக்கா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணு மை போட்டாப்புல இருக்கே," என்றார் கடைசியில்.

அன்று முதல் அவர் எங்கள் பக்கம். ஆனால் எங்கள் வகைப்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. பறவைகளில் இரண்டே வகைதான் என்பார்: கருவாடு தின்பது, கருவாடு தின்னாதது. தின்பதைக் குச்சியால் விரட்ட வேண்டும், தின்னாததை நாங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சார் இதைக் கேட்டு மகிழ்ந்து போனார். நம்முடைய வகைப்பாட்டை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, அஞ்சலையுடையதை மாற்றவே வேண்டாம் என்றார். உப்புக்கொத்தியை இரண்டாகப் பிரித்த சேதியைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

இப்போது சாரின் ஆசையைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே ஒரு பறவையின் மேல் ஆசை: கரண்டிமூக்கு உள்ளான். கொசு உள்ளான் அளவுதான், ஒரு சிட்டுக்குருவி அளவு, அவ்வளவே. மூக்கின் நுனி மட்டும் கரண்டி மாதிரி தட்டையாக விரிந்திருக்கும். உலகத்திலேயே மிகவும் குறைந்துபோன பறவைகளில் ஒன்று. எப்போதோ நம் சோழமண்டலக் கரைக்கும் வந்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் கொசு உள்ளான் கூட்டங்களில் ஒவ்வொரு மூக்காக அவர் பார்த்துக்கொண்டு வந்ததை நான் அறிவேன். வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். என்னிடம் மட்டும், மழை பெய்து கரைக்குப் போக முடியாத நாட்களில், அது சாப்பிடுவதைப் பற்றிச் சொல்வார். ஆழமில்லாத தண்ணீரில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி, துடைப்பம் போடுகிற மாதிரி போகுமாம். படத்தில் பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

நான் சொல்லப்போகிற ஆண்டு சித்திரையோடு அவருக்கு ஓய்வு. மாசி மகம் வந்தது. அதாவது அவருக்கு மீதியிருந்தது அந்தக் கூட்டங்கள் வடக்கே கிளம்புவதற்கு முன்னால் உள்ள சில வாரங்கள் மட்டும்.

எங்கள் பக்கத்தில் மாசி மகம் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்பது ஐதீகம். அதனால் மகத்தன்று அவர் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும்போது பட்டினச்சேரிக்காரர்களுக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுத்தான் வரவேற்பார்கள். ஊரே பட்டு உடுத்திச் சீர்வரிசையோடு நிற்கும். நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள். ஆனாலும், தான் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறபடியால் பெருமாள் எனக்கும் மாப்பிள்ளை முறைதான் என்று அஞ்சலையக்கா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அன்று படகு இறங்காது, கருவாடு காயாது, ஆகவே நாயும் காக்கையும் குறைவு. கூட்டம் வருவதற்கு முன்னால் பறவைகள் ஊருக்கு மிக அருகில் வந்து மேயும். அதனால் நானும் சாரும் விடிந்ததும் போய்விட்டோம். கடல் நன்றாக உள்வாங்கிக் கிடந்தது. ஈர மணலில் கொசு உள்ளான் கூட்டம் தையல் மெஷின் ஊசி மாதிரி கொத்திக்கொண்டிருந்தது. சார் முக்காலி போட்டார், டீ குடித்தார், தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

அப்புறம் முக்காலி கவிழ்ந்து விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சார் எழுந்து நிற்கிறார்.

"கரண்டிமூக்கு," என்றார். "பெர்னதெத், கரண்டிமூக்கும்மா."

எது இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பெயர் அப்படி மொட்டையாக வந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய்க் கண்ணை வைத்தேன். கூட்டத்துக்குச் சற்று விலகி ஒரு குட்டிப் பறவை எங்களைப் பார்த்து நின்றது. மூக்கின் நுனியில், ஆமாம், உருண்டையாக, அகலமாக ஏதோ இருந்தது. நான் நிமிர்ந்தபோது சார் துவாலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "கமலா, வந்துடுச்சு," என்றார். அந்தப் பக்கம் யார் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். "யாரு என்ன யாரு? வந்துடுச்சுங்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார். சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். அவர் பற்களை நான் முழுதாகப் பார்த்ததும் அன்றுதான்.

அரிய பறவை என்றால் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. மறுபடி பார்த்து, தலை முதல் கால் வரை வரிசையாக விவரம் எழுத வேண்டும். சார் இருந்த நிலையில் எழுதமாட்டார் என்று நானே உட்கார்ந்தேன். அளவு, சரி. உருவம், சரி. நடை என்று வந்தபோது என் கை நின்றது. அது நடக்கவே இல்லை. துடைப்பம் போடவில்லை. கொத்தவுமில்லை. சுற்றிலும் எல்லாம் தின்றுகொண்டிருக்க அது மட்டும் சும்மா நின்றது. தலையை உதறியது. ஒரு காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்தது. மறுபடி உதறியது. அப்போது பக்கவாட்டில் திரும்பியது. கரண்டி தட்டை. முன்னாலிருந்து பார்த்தால்தான் அகலம், பக்கத்திலிருந்து பார்த்தால் மெல்லிசாக இருக்க வேண்டும். இது பக்கத்திலிருந்தும் உருண்டையாகவே இருந்தது.

சாரை ஏறிட்டுப் பார்த்தேன். கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். கூட்டம் வரும், பறவை பறந்துவிடும், அவர் சந்தோஷமாக ஓய்வு பெறுவார், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அது மறுபடியும் காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்தது.

"சார்," என்றேன். "எது இல்லைன்னு சொல்லுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. கோபிப்பார் என்று நினைத்தேன். முக்காலியை எடுத்து, மணலைத் தட்டி, போட்டு உட்கார்ந்து கண்ணை வைத்தார்.

"கொசு உள்ளான் இல்ல," என்று ஆரம்பித்தார். "ஏன்னா..."

அந்த 'ஏன்னா'வில் நின்றுவிட்டார். அளவு கொசு உள்ளான்தான். காலும் அதே கறுப்பு. நெற்றியிலும் மார்பிலும் கரண்டிமூக்குக்கு இருக்க வேண்டிய அந்தப் பளிச்சென்ற வெள்ளை இல்லை. அவர் ஒவ்வொன்றாக முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. மூக்கு ஒன்றுதான் ஒத்துவரவில்லை. பக்கவாட்டில் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார்.

"மட்டி," என்றார். "மட்டிம்மா. மூக்கக் கவ்விக்கிட்டுக் கெடக்குது."

மணலுக்குள் மட்டிச் சிப்பி வாயைத் திறந்து வைத்திருக்கும். அந்த வாய்க்குள் மூக்கை விட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். நகத்தளவுச் சிப்பிதான். ஆனால் கொசு உள்ளானுக்கு அது வாயில் போட்ட பூட்டு. சார் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்று தேடினேன். தேடுவதற்கு அவர் நேரம் கொடுக்கவில்லை. "எப்ப சாப்பிட்டுச்சோ, பாவி. வலைய எடு," என்று எழுந்துவிட்டார். ஒரே காலையில் இரண்டாவது தடவை.

எங்களிடம் ஒரு மெல்லிய வலை உண்டு. மணலோடு மணலாகப் படுக்க வைத்து, தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தால் போர்வை போல மடங்கி விழும். ஆனால் பறவை தானாக அதன் முன்னால் வர வேண்டும். மற்ற நாட்களில் பொறுமையாகக் காத்திருப்போம். அன்று எங்கே காத்திருப்பது? ஊருக்குள்ளிருந்து மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. கூட்டம் கரைக்கு வந்துவிட்டால் பறவைகள் எங்கோ போய்விடும், இதுவும் வாய் பூட்டியபடியே எங்காவது கிடந்து சாகும்.

அப்போதுதான் அஞ்சலையக்காவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, சீர்த்தட்டு வைக்க இடம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தொலைநோக்கியைக்கூடக் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை வர்ற அன்னிக்கு நம்ம கரையில ஒரு ஜீவன் பட்டினியாக் கெடக்கறதா? என்ன செய்யணும், சொல்லு தங்கச்சி," என்றார்.

சார் சொன்னார். அரைவட்டமாக நிற்க வேண்டும். குனிந்துகொள்ள வேண்டும். ஓர் அடி வைத்து நிற்க வேண்டும், பிறகு இன்னோர் அடி. பறவைகள் பறக்கிற அளவுக்குப் பயப்படக் கூடாது, நடந்து விலகுகிற அளவுக்கு மட்டும் சங்கடப்பட வேண்டும். முக்கியமாக, பேசக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பட்டினச்சேரிப் பெண்கள் அத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள் என்று சொன்னால் காரைக்காலில் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. நான் பார்த்தேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மணலில் குப்புறப் படுத்தபடி பார்த்தேன். பட்டும் சரிகையும் வெயிலில் மின்ன, முதுகு வளைந்து, ஓர் அடி, நிற்பு, ஓர் அடி. ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

பறவைக் கூட்டம் நகர்ந்தது. வலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஊருக்குள் வேட்டு வெடித்தார்கள். மொத்தக் கூட்டமும் விர்ரென்று கிளம்பிக் கடல்மேல் போய்விட்டது. போச்சு என்று முகத்தை மணலில் புதைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஒன்றே ஒன்று மட்டும் தாழ்வாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூட்டத்தோடு போகத் தெம்பில்லை. தள்ளாடி வந்து, நாங்கள் எந்த இடத்தில் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டோமோ அந்த இடத்திலேயே இறங்கியது. மாதாவே என்று கயிற்றை இழுத்தேன்.

சார் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிடுங்கினால் அலகு முறியும். சிப்பி வாயைத் திறக்க மெல்லிசாக ஏதாவது வேண்டும். என்னிடம் இருந்த கருவிகளெல்லாம் தடியானவை. அக்கா தோளிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினார். புடவை சரிந்ததை இன்னொருவர் பிடித்துக்கொண்டார். சார் பிடிக்க, நான் ஊக்கின் முனையைச் சிப்பியின் இரண்டு ஓட்டுக்கும் நடுவில் விட்டு மெல்ல அறுத்தேன். என் மூச்சுப் பட்டு அதன் நெற்றி இறகு ஆடியது. சிப்பி பட்டென்று திறந்து மணலில் விழுந்தது. அலகு நேராக, மெல்லிசாக, கறுப்பாக, எந்தக் கொசு உள்ளானுக்கும் இருப்பதுபோலவே இருந்தது. நுனியில் மட்டும் சிறிய தழும்பு.

எடை மிகக் குறைவு. சார் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் கண் தெளிவாக இருந்தது, கால் உதைத்தது. "போடு, தாங்கும்," என்றார். வளையமும், தூரத்திலிருந்து தெரிவதற்காக ஒரு சின்னப் பச்சைப் பட்டையும் போட்டேன். ஈர மணலில் இறக்கிவிட்டு எல்லோரும் பின்வாங்கினோம். அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பெண்கள் அத்தனை பேரும் வாயில் முந்தானையோடு சாரைப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார்.

அது குனிந்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. அப்புறம் நிறுத்தவே இல்லை.

சார் கையை இறக்கியதுதான் தாமதம், அதுவரை அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. மேளம் கரைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வந்துட்டார் என்று கூச்சல் கிளம்பியது. அக்கா என்னிடமிருந்து ஊக்கை வாங்கிப் புடவையில் குத்திக்கொண்டு, சின்ன மாப்பிள்ளைக்குப் பசியாத்தியாச்சு, இனிப் பெரிய மாப்பிள்ளையைப் பார்க்கலாம் என்று சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பிற்பகலில் யாரோ கொடுத்த புளியோதரையைச் சாரும் நானும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வருத்தமா சார் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீ கேக்காம இருந்திருந்தீன்னா நான் கரண்டிமூக்குன்னு எழுதிட்டு, சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன்," என்றார். "அது செத்துப்போயிருக்கும்." கையில் ஒட்டிய சோற்றைத் தட்டிவிட்டார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். "கமலா, வந்தது வேற ஆளு. ஆனா நல்ல ஆளு," என்று சொல்லிவிட்டு, எனக்குக் கேட்கும்படியாகவே சிரித்தார்.

இதைத்தான் நிவேதாவின் கூட்டாளிகளிடமும் சொன்னேன். அன்றைக்கு ஒரு படம் எடுத்துப் போனிடம் காட்டியிருந்தால் அதுவும் கரண்டிமூக்கு என்றே சொல்லியிருக்கலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். கோதண்டம் சாரே சொன்னாரே. பெயர் வந்த பிறகும் இன்னொரு தரம் அது என்ன செய்கிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை இன்னும் காலியாகவில்லை, கவலைப்படாதீர்கள் என்றேன். கைதட்டினார்கள்.

சார் சித்திரையில் ஓய்வு பெற்று மயிலாடுதுறைக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். மழை முடிந்து அடுத்த குளிர்காலம் வந்தது. ஒரு நாள் காலை அஞ்சலையக்கா போன் செய்தார். கருவாட்டுக்குப் பக்கத்தில், அலைவாயில், காலில் பச்சை கட்டிக்கொண்டு ஒன்று திரிகிறது என்றார். "நம்ம சின்ன மாப்பிள்ளை வந்துருக்காருடி," என்றார். வட துருவத்துப் பக்கம் போய்விட்டு, இத்தனை பெரிய கடற்கரையில், அதே பட்டினச்சேரிக்கு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

சாருக்குச் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார், முக்காலியோடும் பிளாஸ்கோடும். கொஞ்சம் இளைத்திருந்தார். அது அக்கா சொன்ன இடத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. கொழுத்திருந்தது. சார் முக்காலியைப் போட்டார். டீயை எடுக்கவில்லை. நேராகக் கண்ணை வைத்தார்.

"சொல்லுங்க சார்," என்றேன். "எது இல்ல?"

அவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கரண்டிமூக்கு இல்லம்மா," என்றார். "நல்ல வேளை."